இருபத்து மூன்று, ஸ்கிடூ

ஒட்டாவாவுக்கு வெளியே ஒரு பைன் காட்டுப் பாதை. ஜனவரி கடைசி, மைனஸ் 18 டிகிரி. இந்தக் குளிரில் போன் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும். ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது வெளியே எடுத்துத் திசை பார்த்தபடி நானும் மகளும் நடந்தோம். வழக்கொழிந்த ஆங்கிலக் கொச்சைச் சொற்களைப் பெயராக வைத்து, குளிர்காலத்துக்கென்றே ஒருவர் ஒளித்திருந்த ஜியோகேச் வரிசை அது. ஒளித்த டப்பாக்களை ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் பிடிக்கும் விளையாட்டு. பனி மூடிவிடக் கூடாதென்று எல்லா டப்பாக்களும் மரத்தில், ஆள் உயரத்தில். ஆறாவதன் பெயர் ‘23 ஸ்கிடூ’.

“அப்பா, ஸ்கிடூன்னா பனியில ஓட்டுற வண்டிதானே?”

கனடாவில் வளரும் பிள்ளைக்கு அதுதானே தோன்றும்! கியூபெக்கின் வால்கோர்ட் ஊரில் பொம்பார்டியே 1959-இல் கொண்டுவந்த வண்டி. ‘ஸ்கி-டாக்’ என்று வைக்க நினைத்த பெயர் அச்சுப்பிழையால் ‘ஸ்கி-டூ’ ஆனதாகச் சொல்வார்கள். ஆனால் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதம் வேறு கதை சொன்னது.

நியூயார்க்கின் 23-ஆம் தெரு. முக்கோணமாக நிற்கும் ஃப்ளாட்டயர்ன் கட்டடம். அதன் முனையில் மோதித் திரும்பும் காற்றில் பெண்களின் பாவாடை விலகுவதைப் பார்க்க ஆண்கள் கூடுவார்களாம். போலீஸ்காரர்கள் அவர்களை விரட்டச் சொன்னதுதான் ‘23 ஸ்கிடூ’, அதாவது ‘இடத்தைக் காலி பண்ணு’. நம்மூரில் ‘ஜூட் விடு’ என்போமே, அதே தொனி.

கதை அழகாக இருந்தது. தெரு இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, எண்ணும் பொருந்துகிறது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் என்னை உறுத்தியது. அன்றிரவே பழைய நாளிதழ்களைத் துழாவ ஆரம்பித்தேன்.

ஃப்ளாட்டயர்ன் கட்டி முடிந்தது 1902-இல். கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் வெளியான ஒரு நாளிதழோ 1899 மார்ச்சிலேயே, ‘இருபத்து மூன்று’ என்றொரு கொச்சை ஊருக்குள் சுற்றி வருகிறது, ‘நகரு, கிளம்பு’ என்று அதற்குப் பொருள் என எழுதிவிட்டது. கட்டடத்துக்கு மூன்று வருடம் முந்தியது சொல். காற்றும் பாவாடையும் நிஜமாகவே இருந்திருக்கலாம். சொல்லைப் பெற்றவை அவை அல்ல.

அப்படியானால் 23 எங்கிருந்து? டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’யைக் காட்டுகிறவர்கள் உண்டு. அதில் சிட்னி கார்ட்டன் கில்லட்டினுக்குப் போகும்போது எண்ணப்படும் எண் 23. தலை போகும் எண் ‘ஓடிப்போ’ என்று மாறியது என்பது அவர்கள் வாதம். மனம் அதன் பக்கம் சாய்ந்தாலும், 1859-இல் வந்த நாவலுக்கும் 1899-க்கும் இடையில் நாற்பது வருட மௌனம். அதைத் தாண்ட எனக்குப் பாலம் அகப்படவில்லை.

‘ஸ்கிடூ’ அவ்வளவு படுத்தவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், களத்தை விட்டு ஓடும் சிப்பாய்களைப் பற்றிப் பேசும்போது பரவிய ‘ஸ்கெடாடில்’ என்ற சொல்லின் குறுக்கமாகவே பலரும் அதைக் கொள்கிறார்கள். 1906 வாக்கில் எண்ணும் சொல்லும் ஒட்டிக்கொண்டு நாடெங்கும் பைத்தியமாகப் பரவின. அதே வருடம் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் தங்கம் தேடி முளைத்த ஊருக்கே ஸ்கிடூ என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கேற்ப, சில வருடங்களில் ஊரே காலியாகிவிட்டது.

சொல்லின் பிறப்பைப் போல, நாங்கள் ஆடிய ஜியோகேச் விளையாட்டின் பிறப்பைத் தேட இத்தனை பாடு இல்லை. 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் ஒரிகனில், பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் புதைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். வாளிக்குள் நோட்டு, பென்சில், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். இடம், நாள், சாமான் எல்லாமே பதிவாகியிருக்கின்றன. வாய்ச்சொல்லுக்கு இப்படி யாரும் பதிவு வைப்பதில்லை. யாரோ முதலில் அச்சில் ஏற்றிய தேதி கிடைத்தால் அதுவே பெரிய புதையல்.

டப்பா வைத்தவருக்குப் பிப்ரவரியில் இந்த 1899 செய்தியை எழுதினேன். காகிதத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்று பதில் வந்தது. மறுபடி போனோம். குளிரில் பேனா மை உறைந்துவிடும், அதனால் பென்சில்தான். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, விரல் நடுங்க, ஃப்ளாட்டயர்ன் கதைக்குக் கீழே மகள் எழுதினாள்: ‘1899, லெக்சிங்டன்’. அதற்கும் கீழே நாலு விரல் இடம் விட்டுக் காகிதத்தை மடித்தாள்.

“இதைவிடப் பழசு யாராவது கண்டுபிடிச்சா எழுதட்டும்ப்பா.”