மணலும் கட்டளையும்

டூன் 2 என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை, பல வருஷ இடைவெளியில், இரண்டு முறை முழுதாக ஆடி முடித்திருக்கிறேன். முதல் தடவை ஜெயித்தேன். இரண்டாம் தடவையும் ஜெயித்தேன். ஆனால் ஜெயிப்பதற்காக எதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வீடியோ கேம் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். சினிமாவை ஒரு கலைச் சாதனமாக எடுத்துக்கொண்டு நம்மில் சிலர் பேச ஆரம்பித்தபோதும் இதே கேள்வி, இதே சிரிப்பு. விளையாட்டு கலையா இல்லையா என்கிற தீர்ப்பு எனக்கு இப்போது அவசரமில்லை. ஒரு ரூபம் மனிதனின் கவனத்தை எங்கே திருப்புகிறது, எங்கிருந்து விலக்குகிறது என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை. அந்த வேலைக்கு இந்த விளையாட்டு தகுதியானது என்று படுகிறது.

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தில் இயங்கிய வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் செய்த இது 1992இல் வெளிவந்தது. பாலைவனத்துக்கு நடுவே சூதாட்டத்துக்காக வளர்ந்த ஊர் அது என்பது தற்செயல்தான்; என்றாலும் மறக்க முடிவதில்லை. ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய 'டூன்' நாவலின் உலகத்தை எடுத்துக்கொண்டார்கள். பெயரில் உள்ள '2' கதையின் தொடர்ச்சியைக் குறிப்பதல்ல. க்ரையோ என்கிற ஃபிரெஞ்சு நிறுவனம் அதே 1992இல் அதே நாவலை வைத்து வேறு வகை விளையாட்டு ஒன்றைச் செய்திருந்தது. அதிலிருந்து பிரித்துக் காட்ட வந்த எண் அது.

சதுரங்கத்தில் நான் நகர்த்தும்வரை எதிராளி காத்திருப்பான். இங்கே யாரும் காத்திருப்பதில்லை. நான் யோசிக்கும்போதே எதிரி கட்டுகிறான், தோண்டுகிறான், படையை அனுப்புகிறான். ரியல்டைம் ஸ்ட்ராட்டஜி என்று பிற்பாடு பெயர் பெற்ற வகை இது. 1989இல் வந்த 'ஹெர்ஸாக் ஸ்வை' போன்ற முன்னோடிகள் உண்டு. ஆனால் வளத்தை அள்ளுவது, அதைக் காசாக்குவது, காசைக் கட்டடமாகவும் படையாகவும் மாற்றுவது என்கிற வாய்ப்பாட்டைத் திடமாகப் போட்டுக்கொடுத்தது டூன் 2தான். 1994இல் 'வார்கிராஃப்ட்', 1995இல் வெஸ்ட்வுட்டே செய்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' எல்லாம் அந்தத் தடத்தில் வந்தவை.

இதன் முதல் பலம் மணல். அராக்கிஸ் கிரகத்தில் இரண்டே வகைத் தரைதான் முக்கியம். பாறையில் கட்டலாம், மணலில் கட்ட முடியாது. ஆனால் ஸ்பைஸ் என்கிற செல்வம் மணலில்தான் கிடக்கிறது. அதை அள்ள ஹார்வெஸ்டர் என்கிற கனமான வண்டி பாறையைவிட்டு இறங்கி வெட்டவெளிக்குப் போக வேண்டும். வெட்டவெளியில் புழு இருக்கிறது. திரையில் புழு ஒரு உருவமாகக்கூட வருவதில்லை. மணல் ஓரிடத்தில் கானல்போலக் கலங்கும். கலங்கல் நகர்ந்து வரும். ஒரு வாய் திறக்கும். வண்டி இருந்த இடத்தில் வண்டி இராது. புழு பாறையில் ஏறுவதில்லை. பத்திரமான இடத்தில் வாழ்வு இல்லை, வாழ்வு உள்ள இடத்தில் பத்திரம் இல்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல், தரையின் நிறத்தை வைத்தே விளையாட்டு சொல்லிவிடுகிறது. நல்ல கவிதையில் படிமம் செய்கிற வேலை இது. வர்ணனை கிடையாது. விதிதான் படிமம்.

இரண்டாவது பலம் கான்கிரீட். பாறையில் கட்டடத்தை நேராக வைக்கலாம். ஆனால் அது ஆரம்பத்திலேயே பலம் குன்றி நிற்கும், நாளாக ஆகத் தேயும். முதலில் கான்கிரீட் பலகைகளைப் பாவி, அதன்மேல்தான் கட்ட வேண்டும். அலுப்பூட்டும் வேலை. காசும் நேரமும் போகிறது, கண்ணுக்கு ஒரு லாபமும் தெரிவதில்லை. ஆனால் இந்த அலுப்பினால்தான் அந்தக் கிரகம் கிரகமாகிறது. அது நம்மை வரவேற்கவில்லை. நாம் கட்டுவதைத் தின்றுகொண்டே இருக்கிறது. காற்றிலிருந்து சக்தி எடுக்கிற விண்ட்ட்ராப்களை வரிசையாக நட்டு, ஸ்பைஸைச் சேமிக்க சிலோக்களை எழுப்பி, ஒவ்வொன்றையும் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும்போது, படைத்தளபதி என்கிற நினைப்பு போய், ஒழுகுகிற வீட்டுக்குச் சொந்தக்காரன் என்கிற நினைப்பு வந்துவிடுகிறது. இந்த நினைப்பை உண்டாக்கியது பெரிய சாதனை என்றே சொல்வேன். 320க்கு 200 புள்ளிகள் கொண்ட ஒரு சின்னத் திரையில் செய்திருக்கிறார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். ஆடிய எவரும் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு சமயத்தில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் கட்டளையிட முடியும். வண்டியைத் தொட வேண்டும். ஓரத்தில் உள்ள 'நகர்' அல்லது 'தாக்கு' என்கிற பொத்தானைத் தொட வேண்டும். பிறகு இடத்தைத் தொட வேண்டும். இருபது டாங்கிகள் என்றால் இருபது முறை. கடைசியானதற்கு ஆணை போய்ச் சேர்வதற்குள் முதலாவது எரிந்துகொண்டிருக்கும். இரண்டாம் தடவை நான் ஆடியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் பையன் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சேத்து ஒரு கட்டம் போட்டு இழுங்க சித்தப்பா, போயிடும்" என்றான். இதில் அப்படி இழுக்க முடியாது என்றேன். "அப்போ ஒவ்வொருத்தன்கிட்டயும் தனித்தனியா போய்ச் சொல்லணுமா?" என்று கேட்டான். அவனுக்கு அது வேடிக்கை. எனக்கு அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

'வார்கிராஃப்ட்'டில் நான்கு பேரைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கலாம். 'கமாண்ட் அண்ட் காங்கர்' வந்தபோது மௌஸை இழுத்து ஒரு கட்டம் போட்டால் அதற்குள் அகப்பட்டவர்கள் எல்லாம் ஒரு கூட்டம். குறை தீர்ந்தது, விளையாட்டு வேகம் கொண்டது. அதே சமயம் தளபதியின் பார்வையிலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. கட்டத்துக்குள் இருப்பது ஒரு திரள். அதில் ஒன்று போனால் திரள் சற்றே சுருங்குகிறது, அவ்வளவுதான். டூன் 2இல் நான் அனுப்பிய ஒவ்வொன்றையும் நான்தான் அனுப்பினேன். கை வைத்து, இடம் காட்டி, தனித்தனியாக. அது திரும்பவில்லை என்றால் எந்த இடத்துக்கு அனுப்பினேன் என்பது எனக்குத் தெரியும்.

குறையைக் குணமாகத் திருப்பிச் சொல்வது விமர்சகனுக்குச் சுலபமான வித்தை. நான் அதைச் செய்யவில்லை. இது குறைதான். செய்தவர்கள் ஒரு அறத்தை உத்தேசித்து இப்படி வைக்கவில்லை. இந்த வகைக்கு அப்போதுதான் கை கால் முளைத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு சாதனம் பக்குவப்படும்போது எதை இழக்கிறது என்பதைப் பக்குவப்பட்ட பிறகு பார்க்க முடியாது; பக்குவம் வராத நிலையில்தான் தெரியும். நம் உரைநடைக்கும் இது நேர்ந்திருக்கிறது. சரளம் வந்த பிறகு தடுமாற்றத்தில் இருந்த கவனம் போய்விடுகிறது.

அடுத்த குறை எதிரி. புத்தி போதாது. அவனுடைய தளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே வருவான். பக்கவாட்டில் சுற்றி வருவது என்கிற எண்ணம் அவனுக்கு உதிப்பதில்லை. இடிந்த கட்டடத்தைப் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டுவான். புது இடத்தில் ஒரு தளம் போட மாட்டான். இரண்டு மூன்று கட்டங்கள் ஆடியதும் இது தெரிந்துவிடும். அவன் வருகிற வழியில் பீரங்கிக் கோபுரங்களை வரிசையாக நிறுத்திவிட்டால் அப்புறம் போர் இல்லை, காவல்தான். அட்ரெய்டீஸ், ஹார்கோனன், ஓர்டோஸ் என்று மூன்று குலங்கள். அவற்றின் வேற்றுமையும் பெரும்பாலும் ஓரிரு விசேஷ ஆயுதங்களோடு நின்றுபோகிறது. நல்லவர்கள், கொடியவர்கள், தந்திரக்காரர்கள் என்று மென்டட் முகவுரை சொல்கிறான். சொன்ன பிறகு மூவரும் அதே ஒன்பது கட்டங்களில் அதே ஸ்பைஸை அள்ளுகிறார்கள். ஒருவேளை அதுதான் உண்மை என்று சமாதானம் சொல்லலாம். சாம்ராஜ்யங்களுக்குள் வித்தியாசம் மென்டட்டின் வாயில்தான் இருக்கிறது.

இவை எல்லாம் தொழில்நுட்பக் குறைகள். இன்று ஆர்வலர்கள் இலவசமாகச் செய்து தந்திருக்கும் மறுபதிப்புகளில், சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி உட்படப் பலவற்றைச் சரிசெய்திருக்கிறார்கள். சரிசெய்ய முடியாத குறை வேறு. பார்வையின் குறை அது.

ஹெர்பர்ட்டின் நாவல் பிறந்தது ஒரு மணல்மேட்டுக்குப் பக்கத்தில். 1950களில் ஓரிகன் மாநிலக் கடற்கரையில், நகர்ந்து வருகிற மணல் குன்றுகளைப் புல் நட்டுக் கட்டிப்போட அரசாங்கம் முயன்றுகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போன மனிதர் நாவலோடு திரும்பினார். அதனால் நாவலின் அடித்தளம் போரைவிடச் சூழலியல்தான். வறட்சி அங்கே சபிக்கப்பட்ட விதி அல்ல. உயிர்கள் நீரைச் சிறைப்பிடித்து உண்டாக்கிய நிலை. ஆகவே மாறக்கூடிய நிலை. நமக்கு இது அந்நியமான எண்ணமல்ல. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்லிவைத்திருக்கிறது. பாலை ஒரு நிலம் என்பதைவிட நிலத்துக்கு நேர்வது. நாவலில் பாலையை அந்த வகையில் அறிந்தவர்கள் ஃப்ரெமன் என்கிற அந்த மண்ணின் மக்கள். தண்ணீர் என்கிற சொல்லைச் சுற்றியே அவர்களுடைய சடங்கு, நீதி, துக்கம் எல்லாம் அமைந்திருக்கின்றன.

விளையாட்டில் தண்ணீர் இல்லை. துக்கமும் இல்லை. நாவலில் பிரக்ஞையையே மாற்றுகிற பொருளான ஸ்பைஸ், இங்கே வெறும் காசு. முதல் கட்டத்தின் இலக்கே 1000 கிரெடிட் சேர்ப்பதுதான். ஃப்ரெமன்கள் அட்ரெய்டீஸ் அரண்மனைக்கு உரிய ஒரு ஆயுதமாகச் சுருங்கிவிட்டார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பொத்தானைத் தொட்டால் எங்கிருந்தோ ஒரு குழு தோன்றும். மக்களை ஏவுகணையின் இடத்தில் வைத்தாயிற்று. ஹார்கோனன்களுக்கு அதே இடத்தில் ஏவுகணைதான் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம். அப்படித் தோன்றுகிற ஃப்ரெமன்களுக்கு நான் கட்டளையிட முடியாது. அழைக்கலாம், அவ்வளவுதான். தொட்டாலும் பொத்தான் வராது. தாங்களாகவே எதிரியை நோக்கி நடப்பார்கள். முதல் தடவை ஆடியபோது இது எனக்கு எரிச்சலாக இருந்தது. உபயோகமில்லாத ஆயுதம் என்று ஒதுக்கினேன். இரண்டாம் தடவை அவர்கள் மணலில் நடந்து போவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அனுப்பாத ஒன்று அந்தத் திரையில் என் பக்கத்தில் நடந்தது அந்த ஒரு தடவைதான். செய்தவர்கள் அறியாமலே நாவலுக்குச் செலுத்திய விசுவாசம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

கடைசிக் கட்டத்தில் மற்ற இரண்டு குலங்களோடு சக்கரவர்த்தியின் சார்டாகர்களும் சேர்ந்து வருகிறார்கள். எனக்கு அவசரமாகக் காசு வேண்டியிருந்தது. பாறைக்குப் பக்கத்தில் ஸ்பைஸ் தீர்ந்துவிட்டது. அள்ளிய இடமெல்லாம் நிறம் வெளுத்து வெறும் மணலாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு செம்பழுப்புத் திட்டு மிச்சம். அங்கே ஹார்வெஸ்டரை அனுப்பினேன். மணல் கலங்குவதைப் பார்த்தேன். திருப்பி அழைக்க நேரம் இருந்தது. வண்டி இன்னும் நிறையவில்லை. இன்னும் கொஞ்சம் அள்ளட்டும் என்று விட்டுவிட்டு வேறு பக்கம் டாங்கிகளுக்கு ஒவ்வொன்றாகக் கட்டளையிடப் போனேன். திரும்பி வந்தபோது அங்கே மணல் சமமாக இருந்தது. புது வண்டிக்கு ஆணை கொடுத்தேன்.

முதல் தடவையும் இதையேதான் செய்திருப்பேன். அப்போது அது ஞாபகத்தில் தங்கவில்லை. இந்த முறை தங்கிவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு ஞானோதயம் எதுவும் வரவில்லை.

ஜெயித்ததும் திரை மாறிக் கணக்கு வருகிறது. அள்ளிய ஸ்பைஸ், அழித்த படை, இடித்த கட்டடம். நான் இவ்வளவு, எதிரி இவ்வளவு என்று இரண்டு கோடுகள் நீள்கின்றன. வெளுத்த மணலுக்குக் கணக்கு இல்லை. அண்ணன் பையன், "ஜெயிச்சாச்சு இல்ல, எந்திரிங்க" என்றான். எழுந்து அவனுக்கு இடம் விட்டேன்.