வானை விற்கிறதா, வாடகைக்கு விடுகிறதா?

 

எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் நிற்கிற வெள்ளை வானைப் பற்றி இந்த இரண்டு மாதத்தில் எங்களிடம் கேட்காத ஆள் இல்லை. "டீச்சர், வான் குடுக்கப் போறீங்களாம்?" "சேர், மாச வாடகைக்கு விடுவீங்களா?" பஸ் நிலையத்திலும் கேட்கிறார்கள், பாடசாலை வாசலிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி எங்களுக்கே குழம்பிவிட்டது. அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்து இருந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

அது ஒரு பழைய டொயோட்டா டொல்பின் வான். வாங்கியவர் எங்கள் வாப்பா. எங்களில் ஒருவருக்கு வாப்பா, மற்றவருக்கு மாமா. ஆனால் இருவரும் வாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவும் உம்மாவும் முள்ளியவளைப் பக்கத்துக் காணியையும் வீட்டையும் விட்டுவிட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள். கையில் கொண்டுபோனது கொஞ்ச உடுப்பும் காணி உறுதியும். இருபது வருடம் அங்கே ஓலைக் கொட்டிலிலும் பிறகு கல் வீட்டிலும் வாழ்ந்தார்கள். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் வாப்பா செய்த முதல் வேலை, கடையில் சேர்த்ததையும் உம்மாவின் நகையையும் போட்டு 2010 இல் இந்த வானை வாங்கியதுதான்.

வாங்கிய கிழமையே பின் இருக்கைகளைக் கழற்றினார். பலகையில் ஒரு கட்டில் அடித்தார். கட்டிலுக்குக் கீழே ஒரு காஸ் அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கான், மண்வெட்டி, கத்தி, தொழுகைப் பாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் புத்தளத்திலிருந்து வெளிக்கிடுவார். அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா தாண்டி ஏ9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகக் காணிக்கு. அங்கே வீடு இல்லை, கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. பற்றை வெட்டுகிற நாட்களில் எல்லாரும் வானுக்குள்ளேயே சமைத்து, வானுக்குள்ளேயே படுத்தோம். வெளிநாட்டில் படுக்கை, அடுப்போடு உள்ள வாகனத்தை மோட்டார் ஹோம் என்று சொல்கிறார்கள், விடுமுறைக்கு ஊர் சுற்ற வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது சுற்றுலா இல்லை. சொந்தக் காணியில் படுத்து எழும்ப வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் வவுனியாவில் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் வாப்பா போகும்போதும் வரும்போதும் வாசலில் வானை நிறுத்தி ஒரு சாப்பாட்டுப் பெட்டி தந்துவிட்டுத்தான் போவார். இந்தக் கனகராயன்குளத்தை முதலில் அறிந்ததும் அந்த வானால்தான். ஒரு மழை இரவு ரேடியேற்றர் சூடாகி இங்கே நின்றுவிட்டது. வீதியோரத்து வீட்டு ஐயா ஒருவர் லாம்போடு வந்து, கிணற்றுத் தண்ணீர் அள்ளித் தந்து, "விடிஞ்சு போங்கோ தம்பி, இரவில வேண்டாம்" என்று சொல்லிப் பிளேன்ரீயும் ஊற்றித் தந்தார். பல வருடம் கழித்து எங்களுக்கு இந்த ஊரில் ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது வாப்பா சொன்னது ஒரே வார்த்தைதான்: "நல்ல ஆக்கள் இருக்கிற இடம்."

காணியில் இப்போது இரண்டு அறை வீடு இருக்கிறது. தம்பி அங்கே இருக்கிறார். வாப்பாவுக்கு எழுபத்துநான்கு வயது. கண் பார்வை குறைந்ததால் வான் ஓட்டுவதை விட்டுவிட்டார். உம்மாவோடு புத்தளத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். வான் எங்கள் முற்றத்துக்கு வந்து மூன்று வருடத்துக்கு மேல். எங்களுக்குப் பாடசாலை நடை தூரம். சந்தைக்கு மோட்டார் சைக்கிள் போதும்.

போன வருடம் வானை எத்தனை தரம் எடுத்தோம் என்று எழுதிப் பார்த்தோம். ஏழு தரம். ஏழும் புத்தளத்துக்கு.

ஆசிரியர்கள் அல்லவா, கொப்பியில் கோடு கீறிக் கணக்குப் போட்டோம். இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, நின்று நின்றே செத்துப்போன பற்றரி, வெயிலில் வெடித்த இரண்டு டயர், எலி கடித்த வயர். எல்லாம் சேர்த்து 1,47,000 ரூபா. ஏழால் பிரித்தால் ஒரு பயணத்துக்கு 21,000. போய்வர டீசல் முப்பது லீற்றர், லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 9,000. மொத்தம் 30,000. இங்கிருந்து புத்தளம் போய்வர வாடகைக்கு ஒரு வான் பிடித்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் கேட்கிறார்கள், சாரதியும் அவர்களுடையவர். பஸ்ஸில் போனால் இதில் ஒரு சின்னப் பங்கு. சொந்த வான் இருப்பதால் மிச்சம் பிடிக்கிறோம் என்று நாங்கள் நினைத்திருந்தது பிழை.

பிறகு ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தோம்? அதற்கும் எங்களிடம் காரணம் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய வாகனத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. "இன்னும் ஏறும், பொறுங்கோ" என்றார்கள். 2022 இல் டீசல் 460 ரூபாவுக்குப் போனது, வரிசையில் நாட்கணக்காக நின்றோம், பிறகு கியூ.ஆர். வந்து வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அந்த நேரத்தில் விற்க மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த ஜூலை மாதம் ஒரு நடுச்சாமத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினா, மகளுக்கு வயிற்றுவலி. தாங்கியில் இருந்த டீசலோடு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாப்பா அடித்த அந்தப் பலகைக் கட்டிலில்தான் பிள்ளைத்தாய்ச்சி படுத்து வந்தா. அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது, எங்கள் வீட்டு மதிலில் ஏறி மாங்காய் பிடுங்குகிறான். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தபோது "விலை விழப்போகுது, கெதியா வில்லுங்கோ" என்றார்கள். வரி கூடியதால் அப்படி ஒன்றும் விழவில்லை. பொறு என்பதற்கும் ஓடு என்பதற்கும் நடுவில் வான் நின்றுகொண்டே இருந்தது.

முதலில் எங்கள் மனம் வாடகைப் பக்கம்தான் சாய்ந்தது. விற்ற மாதிரியும் இல்லை, காசும் வரும். ஒரு ஒப்பந்தக்காரர் சாரதி இல்லாமல் மாதம் 80,000 தருவதாகச் சொன்னார். கொழும்பில் இருக்கிற நண்பர் ஒருவர், "கட்டிலோட இருக்கிற வான், வெள்ளைக்காரருக்குக் குடுத்தா அறுகம்பேப் பக்கம் நல்லா ஓடும்" என்றார். 80,000 ரூபா என்பது எங்கள் இருவருக்கும் சின்னக் காசு இல்லை. மகனின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்தக் காசில் ஓடுவதாகக் கனவே கண்டுவிட்டோம்.

விசாரிக்க விசாரிக்கத்தான் தெரிந்தது. எங்கள் இன்சூரன்ஸ் சொந்தப் பாவனைக்கு எடுத்தது. வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் அது கைகொடுக்காது. வாடகைக்கென்று வேறு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், கட்டணமும் கூட. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, வன்னியில் இருக்கிறவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. இரவில் முதிரைக் குற்றியும் பாலைக் குற்றியும் எதில் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அனுமதி இல்லாமல் மரம் ஏற்றிப் பிடிபட்டால் வனச் சட்டத்தின்கீழ் மரம் மட்டுமல்ல, வாகனமும் பறிமுதலாகலாம். ஓட்டியவர் வேறு ஆள் என்று சொன்னால் மட்டும் போதாது. இப்படி நடக்காமல் இருக்கத் தன்னால் ஆன முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்ததாகச் சொந்தக்காரர் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். மாதம் 80,000 க்குத் திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருப்பவர் எதைக் காட்டுவது?

விற்பதிலும் ஒரு குழி இருந்தது. ஒரு தரகர் வந்து வானைச் சுற்றிப் பார்த்து, "சேர், பேர் மாத்தத் தேவையில்ல. கையொப்பம் மட்டும் வச்சு ஓப்பின் பேப்பரில தாங்கோ, 46 தாறன்" என்றார். முறைப்படி பெயர் மாற்றி வாங்குகிறவர் சொன்னது 43 இலட்சம். மூன்று இலட்சம் வித்தியாசம். அன்றிரவு இருவரும் உண்மையிலேயே தடுமாறினோம். ஆனால் வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஓப்பின் பேப்பரில் கொடுத்த வாகனம் நாளைக்கு ஒருவரை அடித்துவிட்டு ஓடினாலும், மரத்தோடு பிடிபட்டாலும், பொலிஸ் தேடிவருவது பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரை. அந்த மூன்று இலட்சமும் அந்தப் பயத்துக்கான கூலி.

பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர் என்று யோசித்தபோதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதில் எங்கள் பெயர் இல்லை. வாப்பாவின் பெயர்.

மூன்று மாதம் தரகரிடம் கேட்டோம், மெக்கானிக்கிடம் கேட்டோம், நண்பர்களிடம் கேட்டோம். வாப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மனம் உடைந்து போவார் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். உண்மை அது மட்டும் இல்லை. "எங்கட வான்" என்று சொல்லிச் சொல்லி அது எங்களுடையதாகவே ஆகிவிட்டது. அவர் கண்மூடிய பிறகென்றால் அதில் உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, மிச்சத்தில் தம்பிக்கும் பங்கு, தங்கச்சிக்கும் பங்கு. அவர் உயிரோடு இருக்கும்போது முழுவதும் அவருடையது. வாடகை 80,000 க்கு நாங்கள் கண்ட கனவில் இவர்கள் ஒருவருமே இருக்கவில்லை. வகுப்பில் அமானிதம் பற்றிப் பாடம் எடுக்கிற எங்களுக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் புத்தளம் போனபோது கொப்பியை வாப்பாவின் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். கண் தெரியாததால் கணக்கை நாங்கள்தான் வாசித்தோம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"நான் உங்களுக்குத் தேவைப்படும் எண்டுதான் அதை விக்கச் சொல்லாம இருந்த நான். உம்மாவும் நானும் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல. கால் நடக்கேக்க போகோணும்."

உம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனா.

அவர் மனம் நோகும் என்று நாங்கள் வானை வைத்திருந்தோம். எங்களுக்கு வேண்டும் என்று அவர் ஹஜ்ஜைத் தள்ளி வைத்திருந்தார். இடையில் மூன்று வருடம் போய்விட்டது. அந்த மூன்று வருடத்தில் அவருடைய கண்ணும் காலும் எவ்வளவு தளர்ந்துவிட்டன என்பதை எங்கள் கொப்பிக் கணக்கில் எங்கேயும் நாங்கள் எழுதவில்லை.

ஆகவே எல்லாருக்கும் ஒரே பதில்: வான் விற்பனைக்கு. வாடகைக்கு இல்லை. விலை 43 இலட்சம், முழுக்காசும் வாப்பாவின் கைக்கு. இருவரும் போய்வர அது கிட்டத்தட்டக் காணும், குறைகிறதைப் பிள்ளைகள் நாங்கள் பங்குபோட்டுக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். பெயர் மாற்றித்தான் கொடுப்போம். ஓப்பின் பேப்பர் கேட்டு யாரும் வர வேண்டாம். வாப்பா ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லச் சொன்னார்: இந்த ஊரில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்க யாராவது வாங்குவதென்றால் முதல் உரிமை அவருக்கு. விலையிலும் கொஞ்சம் பார்த்துச் செய்யலாமாம்.

"இனி இராச்சாமத்தில ஒண்டெண்டால் என்ன செய்யிறது டீச்சர்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2018 ஜூலையில் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, இலக்கம் 1990. எங்கள் குடும்பத்தில் 1990 என்ற எண்ணைக் கேட்டால் மூத்தவர்களின் முகம் மாறும். அதனாலேயே மனதில் நிற்கிற எண் அது. வீட்டுக் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அதையும் மீறி ஏதும் என்றால் எங்கள் கதவைத் தட்டுங்கள். வான் இல்லாவிட்டாலும் ஆள் இருக்கிறோம்.

பலகைக் கட்டிலை மட்டும் கழற்றி எடுத்துவிட்டோம். மழைக்குப் படாமல் விறாந்தையில் போட்டிருக்கிறோம். பின்னேரங்களில் மகனும் மாங்காய் பிடுங்குகிற அந்தப் பையனும் அதில் ஏறி இருந்து "பீப் பீப்" என்று புத்தளம் போகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஓடாமல் நிற்கிற வாகனமோ, பூட்டிக் கிடக்கிற வீடோ, தரிசாய்க் கிடக்கிற காணியோ இருந்தால், விற்கிறதா வாடகைக்கா என்று கணக்குப் போட முதல் அது யாருடையதோ அவரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். நாங்கள் பிந்திக் கேட்டோம்.

வாப்பாவும் உம்மாவும் சுகமாகப் போய்வர துஆச் செய்யுங்கள்.