புளிப்பைப் பழித்தல் தகுமோ?

கடல்மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டருக்கும் உயர்ந்து நிற்கும் எங்கள் கொல்லிமலையில், கேழ்வரகுக் கூழின் புளிப்பைப் பருவமே முடிவுசெய்கிறது. இரவில் கரைத்து வைத்த மாவு மார்கழிக் குளிரில் மெல்லப் புளிக்கும். கோடையில் அளவு மீறும். அதனால் எங்கள் அன்னையர் சிறு கலயத்தில் கரைத்து, முகர்ந்து பார்த்தே பக்குவம் அறிவர். கலயம் கெட்டாலும் இழப்பு சிறிது, கற்றதோ பெரிது.

1856-இல் பிரான்சின் லீல் நகரில், பீட்ரூட்டிலிருந்து சாராயம் வடித்த ஆலையொன்றின் தொட்டிகள் புளித்துக் கெட்டன. அந்தக் கெட்ட சாற்றையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார் லூயி பாஸ்டர். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட்; கெட்டதில் கோல்வடிவ நுண்ணுயிர்கள். அத்தேடல், பீர் கெடுவதன் காரணங்களை விளக்கும் அவரது 1876-ஆம் ஆண்டு நூல்வரை வளர்ந்தது. வியப்பு என்னவெனில், அங்கே சாராயத்தைக் கெடுத்த லாக்டிக் நுண்ணுயிர் இனமே இங்கே கூழுக்குச் சுவையூட்டுகிறது!

மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் விண்ணரசுக்கு உவமையாகும் புளிப்பு மாவு, 16-ஆம் அதிகாரத்தில் பரிசேயரைக் குறித்த எச்சரிக்கையாகிறது. மனித இயல்பும் அவ்வாறே. இல்லத்தில் பிடிவாதமாகத் தோன்றும் பிள்ளையின் குணம், அநீதியின் முன் உறுதியாக நிற்கக்கூடும். தவறிய ஒருவரைக் கவிழ்த்துக் கொட்டுமுன், சற்றே உற்று நோக்குவோம்.