மருமகனும் மதினியின் கடைக்கண்ணும்

விருதுநகரில் அண்ணன் வீட்டுக்குப் போனால் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் திரும்பமாட்டேன். இந்த முறை அது தொண்டையில் இறங்கவில்லை. 13 வயது மருமகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இனிமே ஃபுட்பாலே ஆடமாட்டேன் அத்தை. குட்டையா இருக்கேன்னு டீம்ல எடுக்கல."

ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் பையன்களுக்குப் பந்தயம். வேடிக்கை பார்க்கவாவது வாடா என்று அவனையும் மதினியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆமத்தூர் தாண்டிக் கரிசல் காடு. வழியெல்லாம் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசுக் கொட்டகைகள்; ஒன்றின் தீ அடுத்ததற்குத் தாவக்கூடாதே!

மைதானத்தில் மீசை அரும்பிய ஒருவன் எல்லாரையும் இடித்துத் தள்ளிக் கோல் போட்டான்.

"அவனுக்கும் என் வயசுதான் அத்தை."

இருக்கலாம். பெண் குழந்தைகள் 12 வயதை ஒட்டியும், பையன்கள் 14ஐ ஒட்டியும் மளமளவென்று உயர்கிறார்கள். சிலருக்கு அது ஓரிரு வருஷம் முந்தும், சிலருக்குப் பிந்தும். பிந்தியவர்கள் பெரும்பாலும் பிறகு எட்டிப் பிடித்துவிடுவார்கள். இங்கிலாந்தில் வயதுக்குப் பதில் வளர்ச்சியைப் பார்த்து அணி பிரித்தும் ஆடவிட்டிருக்கிறார்கள்.

எதிரணியில் ஒரு பொடியன். பந்து வருமுன்பே இடமும் வலமும் திரும்பிப் பார்த்துக்கொண்டான். வந்ததும் குனியாமல், ஆளில்லாத பக்கம் ஓடிய தோழனுக்குத் தட்டிவிட்டான். மீசைக்காரன் வந்து சேர்ந்தபோது பந்து அங்கே இல்லை!

மதினி சிரித்தார். "சின்ன வயசுல சாத்தூர்ல தீப்பெட்டி ஒட்டுவோம்ல, கை பாட்டுக்கு ஒட்டும். கடைக்கண்ணு தொட்டில் பிள்ளையப் பாத்துக்கிட்டே இருக்கும். அதே வித்தைதான்!"

நம் இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரி பார்க்கும். ஓரத்தில் அசைவு தெரியும்; உருவம் தெளிவாகாது. அதனால்தான் தலையையும் திருப்ப வேண்டும். கண்ணின் எல்லை பெரிதாகாவிட்டாலும் பார்க்கும் பழக்கம் வளரும்.

மறுநாளே முற்றத்தில் பயிற்சி. அவன் பந்தைத் தட்டிக்கொண்டு வர, மதினி பக்கத்தில் நின்று விரல் காட்டுவார். எத்தனை என்று அவன் சொல்ல வேண்டும். முதலில் பந்து தண்ணீர் அண்டாவுக்குள் போயிற்று. நாலாம் நாள் பந்தும் தப்பவில்லை, கணக்கும் தப்பவில்லை.

சகோதரிகளே, வளரும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நிறுத்தி அளக்காதீர்கள். வேகமாக வளரும்போது குதிகாலும் முழங்காலும் வலிக்கலாம். ஓய்வு கொடுங்கள், நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வயிறாரச் சாப்பாடும் நல்ல தூக்கமும் முக்கியம்.

மருமகனுக்கு டீமில் இன்னும் இடமில்லை. ஆனால் நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, அவனே பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டான்.