எண் இல்லாத பாகங்கள்

608 என்று ஓர் எண் இருக்கிறது. உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. இந்த அளவில் உலகத்தில் யார் பேரிங் செய்தாலும் அதற்குப் பெயர் 608தான். ஸ்கேட்டிங் சக்கரத்துக்குள் இருப்பது அது. சில வருஷம் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விரலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்களே, அந்த ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் அதுதான். பழைய வேக்குவம் கிளீனர் மோட்டாரைப் பிரித்தால் பல மாடல்களில் அதே 608 உட்கார்ந்திருக்கும். கோயம்புத்தூரில் ஒரு பேரிங் கடைக்குப் போய் எண்ணைச் சொன்னால் போதும். எந்த மிஷினுக்கு என்றுகூட கடைக்காரர் கேட்க மாட்டார்.

அதே மிஷினில் தூசிப் பையை மாட்டும் வளையத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது. கார்பன் பிரஷ் உட்காரும் கூட்டுக்குக் கிடையாது. ஹோஸ் முனையில் டக்கென்று பூட்டிக்கொள்ளும் காதுக்கும் கிடையாது. அதெல்லாம் கம்பெனி தனக்கென்று வரைந்துகொண்ட அளவுகள். மாடலை நிறுத்திய அன்றைக்கே அவை அநாதை. ஐந்தாறு வருஷமாகப் பழைய மிஷின்களோடு மல்லுக்கட்டியதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: எல்லாரும் பொதுவில் ஒத்துக்கொண்ட பாகம் சாவதில்லை. எங்களுக்கு மட்டும் என்று செய்த பாகம் செத்துப்போகிறது, போகும்போது நன்றாக இருக்கிற மீதி மிஷினையும் கூட்டிக்கொண்டு போகிறது.

நான் இதற்குள் வந்தது அப்பாவால். தொண்ணூறுகளில் அவர் வீடு வீடாகப் போய் வேக்குவம் கிளீனர் விற்றவர். டை கட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியை நிறுத்தி, பீளமேட்டிலிருந்து போத்தனூர் வரை ஏறாத மாடிப்படி இல்லை. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. "உங்க வீட்டுலயே ரொம்பச் சுத்தமான மெத்தை எதுங்க?" என்று கேட்பார். காற்று போகும் வழியில் ஒரு கறுப்புத் துணியை வைத்து, அந்த மெத்தைமேல் மிஷினை ஓட்டுவார். பிறகு துணியை எடுத்து விரித்துக் காட்டுவார். மாவு சலித்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். "அய்யோ, இதுமேலயா படுத்திருந்தோம்" என்று அந்த வீட்டம்மா சொல்லிவிட்டால் தவணைப் படிவத்தை வெளியே எடுக்கலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி வரும். "ரிப்பேர் ஆச்சுன்னா பார்ட்ஸ் கெடைக்குங்களா?"

"இருவது வருஷம் ஆனாலும் கெடைக்குமுங்க. இல்லைன்னா என்னையக் கூப்புடுங்க."

கூப்பிட்டார்கள். அவர் வேலையை விட்ட பிறகும், கம்பெனி அந்த மாடலை நிறுத்திய பிறகும், லேண்ட்லைன் போய் செல்போன் வந்த பிறகும் எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். அப்பா சொன்ன இருபது வருஷம் முடிந்து எவ்வளவோ ஆகிவிட்டது. அதைச் சொன்னால், "அவங்க வருஷத்தையா பாத்து வாங்குனாங்க? என் மூஞ்சியப் பாத்து வாங்குனாங்க சாமி" என்பார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. ஸ்க்ரூ டிரைவர் என் கையில், வாய் அவருடையது.

இந்த மோட்டாரில் முதலில் தேய்வது கார்பன் பிரஷ். சுற்றுகிற செம்புப் பட்டைகளுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் சின்னக் கரிக்கட்டி அது. ஸ்பிரிங் அதைச் செம்பின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். தேயட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். செம்புக்குப் பதில் கரி தேய்கிறது. அந்த மாடல் பிரஷ் எங்கேயும் கிடைக்காது என்றானதும், ட்ரில் மிஷினுக்கு வரும் கொஞ்சம் பெரிய பிரஷ்ஷை வாங்கி, கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, நாலு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்க்கக் கற்றுக்கொண்டேன். கூட்டுக்குள் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆடக் கூடாது. காந்திபுரத்தில் வைண்டிங் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒரு தடவை நான் வாங்கி வந்த பிரஷ்ஷை நகத்தால் சுரண்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இது கெட்டி. கரி தேஞ்சா மாத்திக்கலாம் அம்மிணி, செம்பு தேஞ்சா மோட்டாரே போச்சு."

ஹோஸ் வேறு மாதிரி. எப்போதும் கைப்பிடிக்குப் பக்கத்தில் வளையும் இடத்தில்தான் வெடிக்கும். அதே விட்டத்தில் சுருள் ஹோஸை மீட்டர் கணக்கில் வாங்கலாம், மரப் பட்டறைகளில் தூசி இழுக்க அதைத்தான் போடுகிறார்கள். பழைய ஹோஸின் முனையை மட்டும் மரை கழற்றுவதுபோலச் சுழற்றி எடுத்துப் புதிய ஹோஸில் ஏற்றிவிட வேண்டும். அந்த முனை உடைந்திருந்தால்தான் கதை முடிந்தது. பைக்குத் தையல்காரரிடம் நெருக்கமான ட்ரில் துணி. மெல்லிய துணி போட்டால் தூசி மோட்டாருக்குப் போய்விடும். ரொம்பத் தடித்த துணி என்றால் காற்று போகாது, அந்தக் காற்றை நம்பித்தான் மோட்டார் சூடாகாமல் ஓடுகிறது. இறுகிப்போன ரப்பருக்குப் பதில் சைக்கிள் ட்யூப்.

இதெல்லாம் ஒட்டுப்போட்ட வேலை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இந்த மிஷினின் பிறப்பே ஒட்டுதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் என்பவர் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தார். ஆஸ்துமாக்காரர். பெருக்கினால் மூச்சு முட்டியது. மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கழி, தலையணை உறை எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று கட்டினார். 1908இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதைப் பிறகு வாங்கியவர்தான் ஹூவர். பிரிட்டனில் இன்றைக்கும் வீட்டைச் சுத்தம் செய்வதற்கே ‘ஹூவர் பண்ணுவது’ என்றுதான் பேச்சு. முதல் மிஷினில் ஒரு பாகம்கூட அந்த மிஷினுக்கென்று செய்ததில்லை.

போத்தனூர் டீச்சரம்மாவுக்கும் அதே மூச்சுத் தொந்தரவுதான். 1994இல் அப்பாவிடம் தவணையில் வாங்கியவர். ரிட்டயராகி, கணவர் போய், தனியாக இருக்கிறார். துடைப்பத்தைத் தொட்டால் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்தபடிதான் தூக்கம். வெளிநாட்டில் இருக்கும் மகன் பேட்டரியில் ஓடும் புது மிஷின் ஒன்று வாங்கி அனுப்பினார். இரண்டு வருஷத்தில் பேட்டரி படுத்துவிட்டது. அந்த மாடல் பேட்டரி இப்போது வருவதில்லையாம். அது கதவுக்குப் பின்னால் நிற்க, டீச்சரம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பழையதை இழுத்தார். ஸ்விட்ச் போட்டதும் உள்ளே கல் அரைக்கிற சத்தம்.

பிரித்துப் பார்த்தோம். கிழிந்த பை வழியாக ஒரு சின்ன ஆணி உள்ளே போய், காற்றை இழுக்கும் இம்பெல்லரின் இரண்டு இதழைப் பெயர்த்திருந்தது. நான் நம்பிக்கையோடு இருந்தேன். பம்ப் இம்பெல்லர் வார்க்கிற ஊர் இது, ஒன்று வார்க்க மாட்டார்களா? லேத் பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டுப் பம்ப் நிமிஷத்துக்கு 2,880 சுற்று சுற்றும். இந்த மோட்டார் 20,000த்துக்கு மேல். வேகம் ஏழு மடங்கு கூடினால், எடையில் இருக்கிற கோணல் பேரிங்கை உலுக்கும் விசை கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு கூடும். மெல்லிய அலுமினியத் தகட்டில் அவ்வளவு துல்லியமாகச் செய்ய அவரிடம் வசதி இல்லை. வேறு மோட்டாரையே மாற்றலாம் என்று நாலு மோட்டார் பார்த்தோம். விட்டம் ஒத்துவந்தால் உயரம் ஒத்துவரவில்லை.

அப்பா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது நாள், "பரண்ல இருக்கறத எறக்கு" என்றார்.

பரணில் இருந்தது அவருடைய டெமோ மிஷின். அவர் படிப்படியாகத் தூக்கித் திரிந்தது. அதே மாடல், இன்னும் ஓடுவது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு, அதை இறக்கித் துடைத்துப் பொட்டு வைப்பார். ஸ்விட்ச் போட்டு ஒரு நிமிஷம் ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைப்பார்.

"ஏனுங்ப்பா, வேற ஒண்ணு பழைய மார்க்கெட்ல கெடைக்கும். பாக்கலாம்" என்றேன். உக்கடத்தில் நான் ஏற்கெனவே மூன்று வாரம் தேடியிருந்தது அவருக்குத் தெரியும்.

"டீச்சரம்மாவுக்கு இன்னிக்கு ராத்திரி மூச்சு விடணுமே சாமி."

ஐரோப்பிய ஒன்றியம் 2017இலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது: வேக்குவம் கிளீனர் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், ஹோஸ் 40,000 தடவை வளைந்தாலும் தாங்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 500 மணி நேரம் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தியாவிலும் 2022 கடைசியில் ரைட் டு ரிப்பேர் என்று ஓர் அரசு இணையதளம் தொடங்கினார்கள். நல்ல விஷயம்தான். நான் கேட்பது இதைவிடச் சின்னது. ஒரு மாடலை நிறுத்தும் நாளில் அந்த வளையத்தின், கூட்டின், காதின் அளவுகளை வெளியில் சொல்லிவிட்டுப் போகட்டும். 608 மாதிரி ஆளுக்கு ஓர் எண். மீதியைத் தையல்காரரும் வைண்டிங் அண்ணனும் பார்த்துக்கொள்வார்கள். அந்த எண் இல்லாததால்தான் ஒரு மிஷினைக் காப்பாற்ற, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொன்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மோட்டாரைக் கழற்றினேன். இம்பெல்லரை எடுக்கும்போது அப்பா டார்ச் பிடித்துக்கொண்டார், வெளிச்சம் லேசாக ஆடியது. அன்று சாயங்காலம் டீச்சரம்மா வீட்டில் மிஷின் ஓடியது. அப்பா தன் பழக்கப்படி கறுப்புத் துணி கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கணவரின் பழைய குடைத் துணியை எடுத்து வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டெமோ மிஷினில் மிஞ்சியதையெல்லாம் பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றினோம். பை வளையம் ஒன்று. பிரஷ் கூடு இரண்டு. ஹோஸ் முனை ஒன்று. ஒயர் சுருட்டி ஒன்று. ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் அப்பா பேனாவால் பெயர் எழுதினார். கோணல் எழுத்து, ஆனால் படிக்க முடிந்தது.

"இன்னும் நாலு வீட்டுக்கு வரும்" என்றார்.