மறுமையும் மறுவாய்ப்பும்

இறந்த பின் என்ன? இக்கேள்விக்கு நம் முன்னோர் சுவர்க்கம், நரகம் என்று விடை வைத்தனர். யமனுடைய கணக்கர் சித்திரகுப்தர் ஏட்டை விரித்து, அவரவர் செய்த நன்மை தீமைகளை வரிசையாகப் படிப்பாராம். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு அக்கணக்கர்மீது ஒருவகைத் தொழிலுறவு உண்டு! ஆனால் அவருடைய ஏட்டில் அடித்தெழுத இடமில்லை. வாலிபர்க்கென இந்நாளில் எழுதப்படும் நாவல்கள் சில, அந்த இடத்தைத்தான் தேடுகின்றன.

அமெரிக்க எழுத்தாளர் கேப்ரியல் செவின் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எல்ஸ்வேர்’ அவற்றுள் ஒன்று. லிஸ் என்னும் 15 வயதுப் பெண், சைக்கிளில் செல்கையில் டாக்சி மோதி மாண்டுபோகிறாள். கப்பலேறி அவள் சேரும் மறுவுலகில் நீதிமன்றமும் இல்லை. எண்ணெய்க் கொப்பரையும் இல்லை. அங்கே வயது ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. கைக்குழந்தையானதும் மீண்டும் பூமிக்கு அனுப்பிவிடுகின்றனர். இழந்த வீட்டையே தொலைநோக்கி வழியாகப் பார்த்து ஏங்கிக் கிடந்தவள், பின்னர் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, இருக்குமிடத்தில் வாழக் கற்கிறாள்.

லோரன் ஆலிவரின் ‘பிஃபோர் ஐ ஃபால்’ 2010-இல் வந்தது. விபத்தில் சிக்கிய பள்ளி மாணவி ஒருத்தி, பிப்ரவரி 12 என்னும் ஒரே நாளை ஏழுமுறை வாழ்கிறாள். தோழியருடன் சேர்ந்து தான் எள்ளி நகையாடிய பெண்ணின் துயரம், அந்நாள் திரும்பத் திரும்ப வந்த பின்னரே அவளுக்குப் புலப்படுகிறது. ஜப்பானிய ஆசிரியை எட்டோ மோரி 1998-இல் எழுதிய ‘கலர்ஃபுல்’ இன்னும் ஒருபடி ஆழமானது. செத்த உயிரொன்று, தற்கொலைக்கு முயன்ற சிறுவனின் உடலில் குடிபுகுந்து வாழ அனுமதி பெறுகிறது. அயலானாக நின்று பார்க்கையில், அச்சிறுவன் கண்டுகொள்ளாத அன்பு அவனைச் சுற்றிலும் இருந்ததை அது உணர்கிறது. முடிவில் தெரிவது யாது? அச்சிறுவனே தான் என்பது!

நிற்க. மறுவுலகம் உண்டென்று நாம் நம்புவதில்லை. பின் இக்கதைகளை ஏன் போற்றுகிறோம்? இவற்றில் மறுமை என்பது ஓர் ஏணி. அதன்மேல் நம்மை ஏற்றி, ஆசிரியர்கள் காட்டுவது இம்மையைத்தான்.

நம்மவர் நிலையோ தலைகீழ். ஏழு பிறப்பு உண்டென்று சாதிக்கிறோம். ஒரு பிறப்பில் இருமுறை முயல விடுவதில்லை. நமது தோட்டத்துப் பையன் ஒருவன் எஸ்.பி.எம். தேர்வில் கணக்குப் பாடத்தில் தவறினான். “இவன் தலையில் படிப்பு எழுதவில்லை” என்றார் தந்தை. “மறுபடியும் பணத்தைக் கொட்டவா?” என்றார் பாட்டியார். இவர்கள் கொடியவரல்லர், அவன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அவனோ வீட்டைவிட்டு வெளிவருவதையே நிறுத்திவிட்டான். “நான் செத்தால்தான் இவர்களுக்கு என் அருமை தெரியும்” என்று ஒருநாள் நம்மிடம் சொன்னான். நமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அன்றிரவே ‘கலர்ஃபுல்’ கதையை அவனுக்குச் சொன்னோம். மறுநாள் தந்தையிடம் சென்று, தவறிய பாடத்தை மீண்டும் எழுத வழியுண்டென்று விளக்கி, மனுவையும் நிரப்பித் தந்தோம். தேர்வுக்கு இன்னும் நாளிருக்கிறது. பையன் இப்போது வழியில் நம்மைக் கண்டால் சிரிக்கிறான்.

அன்பர்களே! இறந்தவர்க்கு மறுவாய்ப்பு அளிப்பது நாவலாசிரியரால் மட்டுமே ஆகும். உயிரோடிருப்பவர்க்கு அளிப்பது பெற்றோரால் ஆகும், ஆசிரியரால் ஆகும், அடுத்த வீட்டாராலும் ஆகும். பிள்ளையின் பிணத்தருகே அழுதுகொண்டு சொல்லும் நல்ல வார்த்தைகளை, அவன் தோற்றுத் திரும்பிய மாலையிலேயே சொல்லிவிடுவோமாக.