பென்டிரைவ் மேல் பழி

வாணியம்பாடி, ஞாயிறு. அக்கா வீட்டு லேப்டாப். 2014-ல் பிளஸ் டூ படித்த மூத்தவனுக்கு அரசு கொடுத்தது. இப்போது சின்னவள் டேலி பழக வேண்டுமாம். "கடைக்கார அண்ணன் பென்டிரைவ் சரியில்லன்னு ரெண்டு வாட்டி மாத்திப் பாத்துட்டார், மாமா."

விண்டோஸ் 10 ஏற்றினால் பாதியில் நிற்கிறது. 025டி என்று முடியும் பிழை எண். தேவையான கோப்பு இல்லை அல்லது கெட்டுவிட்டது என்று புகார். நானும் முதலில் பென்டிரைவைத்தான் சந்தேகித்தேன்.

விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. என் பென்டிரைவில் முதல் தடவை 23 சதவீதத்தில் நின்றது. அடுத்து 61. பிறகு 14. கோப்பு கெட்டிருந்தால் ஒரே இடத்தில் அல்லவா நிற்கும்? நிற்கிற இடம் மாறுகிறதென்றால் சந்தேகம் ராம் மேல் அல்லது ஹார்ட் டிஸ்க் மேல்.

"பழைய விண்டோஸ் ஓடிச்சே, தம்பி?" அக்கா. ஓடும். ராமில் ஒரு பிட் புரண்டால் ஏதோ ஒரு போட்டோவில் ஒரு புள்ளி நிறம் மாறும், யார் கவனிக்கப் போகிறார்கள்? நிறுவும்போது கதை வேறு. சுருக்கிக் கட்டிய பெரிய மூட்டையை ராமில் விரித்துச் சரிபார்த்து எழுத வேண்டும்; ஒரு பிட் தவறினாலும் கணக்கு உதைக்கும்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள். உள்ளே இரண்டு ராம்: கூடவே வந்த 2 ஜிபி, பிறகு வாங்கிப் போட்ட 4 ஜிபி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் குற்றவாளி 4 ஜிபி. கழற்றினால் அதன் தங்கப் பற்களில் மங்கலாக ஒரு கறுப்பு. பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம்.

(கறுப்பு எங்கிருந்து வந்தது? இந்த ஊர்த் தோல் டேனரிகளில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். அக்கா கொலுசு எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் கறுக்கிறது. நிரூபிக்க முடியாது, என் சந்தேகம் அங்கேதான்.)

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது; 11 இந்தப் பிராசசரை ஏற்காது. லினக்ஸ் போட்டிருப்பேன். ஆரம்பத்தில் இந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது; இதில் யாரோ எப்போதோ அழித்துவிட்டார்கள். டேலிக்காக விண்டோஸே ஏற்றினேன். இந்த முறை 100.

பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்க மறுத்தது. காரணம் கடிகாரம்; அது 2012 என்றது. திருப்பத்தூர் போகும்போது வாங்க வேண்டியது: கடிகாரத்துக்கு வயர் வைத்த சிஆர்2032 பேட்டரி ஒன்று.